தம்பி வாங்கிய குத்துகள்

தேசிங்கு குத்துச்சண்டை மேடையில் வாங்கிய குத்து தேசிங்கின் தாடையில் விழாமல், இரண்டு பஸ் மாறி வரவேண்டிய தூரத்தில், துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் கம்பெனி சந்தில், வாசற்படியில் உட்கார்ந்து ரசம் சோறு தின்றுகொண்டிருந்த அவன் அண்ணன் டில்லிபாபுவின் தாடையில் விழுந்தது. வாயிலிருந்த சோறு எதிர்வீட்டு எஸ்தரின் தண்ணீர்க் குடத்தில் போய் விழ, டில்லிபாபு தட்டோடு மல்லாந்தான். உள்ளே மாமியாரின் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த பவுனு, கல்யாணமானதிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம் என்பதால் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எழுந்து கை கழுவிட்டுப் படு" என்றாள். மாமியார் செத்து இன்னும் காரியம் முடியவில்லை. காலையிலிருந்து குடித்துக்கொண்டிருந்த புருஷன் விழுந்ததற்குக் காரணம் தேட அவளுக்குப் பொழுதில்லை. ஆனால் வெளியே வந்து பார்த்தபோது அவன் தாடை பணியாரம்போல உப்பியிருந்தது, கண்ணோ கழுவிவிட்டதுபோலத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் அவளைப் பயமுறுத்தியது.

"யார்யா அடிச்சது?"

"யாரும் அடிக்கல."

"எதிர்ல யாரு இருந்தது?"

"எஸ்தரு இருந்தது. அது கைல கொடம் இருந்தது."

குடத்துக்குள் மிதந்த சோற்றைப் பார்த்தபடி நின்ற எஸ்தர், "நான் அடிக்கறதா இருந்தா கொடத்தாலயே அடிச்சிருப்பேன்" என்றாள்.

பொழுது சாய்வதற்குள், குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் ஜெயசீலன் வாத்தியார் தேசிங்கை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். அரைக்கால் சட்டை வயதிலிருந்து அண்ணனின் குடியைப் பார்த்து வளர்ந்ததால், கல்யாண வீட்டில் கொடுக்கிற சோடாவைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறவன் தேசிங்கு. அவன்தான் முதல் ரவுண்டிலேயே எதிராளியை விட்டுவிட்டு நடுவரின் தோளில் சாய்ந்து, அம்மா அம்மா என்று அழுதிருக்கிறான். வாயை ஊதச் சொன்னார்கள், ஊதினான், ஒரு வாடையும் இல்லை, ஆனால் கால் தரையில் நிற்கவில்லை. "பெத்தவ சாம்பல் ஆறல, அதுக்குள்ள அண்ணன் வழிக்கு வந்துட்டான்" என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு டில்லிபாபுவின் தாடையைப் பார்த்தார். இத்தனை வருஷம் தாடைகளையே பார்த்து வாழ்ந்தவர் என்பதால், அது இடதுகைக்காரன் குத்து என்பது அவருக்குப் பார்த்ததும் தெரிந்தது. தேசிங்கோடு அன்று மோதியவன் இடதுகைக்காரன். வாத்தியார் ஆட்டோக்காரனைப் போகச் சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

எதனால் இப்படி ஆயிற்று என்பதைச் சந்து அதிக நேரம் பேசவில்லை. அந்தச் சந்தில் சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை கத்தி, கத்திரிக்கோல் எடுத்துத் துணியையோ நகத்தையோ வெட்டுவதில்லை. பவுனுவின் மாமியார் உயிரோடு இருந்தவரைக்கும் தன் பழைய புடவையை நீளவாக்கில் கிழித்து, சண்டைக்குக் கிளம்பும் சின்ன மகனின் கைக்குச் சுற்றி, வேண்டிய அளவு வந்ததும் மிச்சத்தை வெட்டிவிடுவாள். அவள் கிழித்து வைத்துவிட்டுப் போன கடைசித் துணியை அன்று காலை டில்லிபாபு தம்பிக்குக் கட்டினான். கட்டி முடித்ததும் மிச்சம் தொங்கியது, வெட்டக்கூடாது. போதையில் இருந்தவன் அந்த மிச்சத்தைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, "பாரு, அம்மா ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிட்டா" என்று அழுதான், தம்பியும் அழுதான், வாத்தியார் வாசலில் ஆரன் அடிக்கும்வரை இருவரும் ஒரே துணியில் கட்டுண்டு கிடந்தார்கள். அதுதான் என்றார்கள். காரியம் முடிந்ததும் பெரியவர்கள் சொன்னபடி அந்தத் துணியைக் கத்திரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிக் கடலில் விட்டார்கள். அடுத்த நாளே பயிற்சியில் தேசிங்கு வாங்கிய குத்துக்கு டில்லிபாபுவின் மூக்கில் ரத்தம் வந்தது. சரி, இனி இப்படித்தான் என்று சந்து ஏற்றுக்கொண்டது. கடல் உள்ளே வந்ததையும், வலைக் கம்பெனி மூடியதையும், தண்ணி லாரி வராததையும் ஏற்றுக்கொண்ட சந்துக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

தேசிங்கு மூட்டை தூக்கும் இடத்தில் நடந்தபடியே தள்ளாடினால், "அண்ணன் கடைக்குப் போயிட்டான்போல, இவன நிழல்ல படுக்க வை" என்றார்கள். டீக்கடை ஏகாம்பரம் எலுமிச்சம்பழச் சாறு கரைத்து ஒரு டம்ளரில் எப்போதும் தயாராக வைத்திருந்தார், குடிக்காதவனுக்கு. ஒயின்ஷாப்பில் டில்லிபாபுவைப் பார்த்தால் தெரிந்தவர்கள், "தம்பி இப்ப லாரிமேல இருக்கான், கொஞ்சம் பொறுத்துக் குடி" என்றார்கள். இருவர் ஜாதகத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஜோசியர், ஒருவனுக்குச் சொன்னதை இன்னொருவனுக்குச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார். சர்ச்சில் எஸ்தர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மெழுகுவர்த்தி ஏற்றினாள், "எப்டியும் ரெண்டு பேருக்கும் போய்ச் சேந்துடும்" என்று.

டில்லிபாபுவுக்கு மட்டும் இது பிடிபட வெகுநாள் ஆயிற்று. சரக்கில் தண்ணி கலக்கிறான் என்று கடைக்காரனோடு சண்டை போட்டான். வேறு கடைக்குப் போனான், அங்கேயும் அப்படியே. ஐஸ் பாறையைத் தோளில் சுமந்து படகுக்கு இறக்குகிற வேலையில் வந்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டி, தொண்டை எரிய எரியக் குடித்து, பச்சைத் தண்ணீர் குடித்தவனைப்போல எழுந்து நேராக நடந்து வீட்டுக்கு வந்தான். ஆசை அப்படியே இருந்தது, போதை மட்டும் வேறு உடம்புக்குப் போய்விட்டது.

பவுனுவின் வாழ்க்கையில் அதுவரை இல்லாத அமைதி வந்தது அப்போதுதான். எறா உரிக்கிற ஷெட்டிலிருந்து விரலெல்லாம் வெடித்து வீட்டுக்கு வருகிறவள், படியில் கால் வைக்கும் முன் உள்ளே என்ன சத்தம் என்று காது கொடுத்துக் கேட்கிற வழக்கத்தை மெல்ல மெல்ல விட்டாள். புருஷன் சாப்பிட்டான், பாத்திரம் கழுவினான், அவள் தூங்கும்போது விசிறினான். பூட்டு உடைந்த பீரோவை ஒருநாள் தானே சரி செய்தான். எப்படி உடைந்தது என்று கேட்கவில்லை, அவனுக்கே தெரிந்திருந்தது. தெளிந்திருப்பவனுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. ஒருநாள் அவன் கூப்பிட்டு அவள் திரும்பவில்லை. பக்கத்தில் வந்து கேட்டான்.

"கூப்பிட்டேனே, காதுல வுழலியா?"

"இந்தப் பக்கம் வந்து பேசு. எடது காது கேக்காது."

"எப்பலேர்ந்து?"

பவுனு எறா நாற்றம் போக எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். "போன தீபாவளிலேர்ந்து" என்றாள்.

டில்லிபாபு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவள் தடுக்கவில்லை. குடித்தாலும் தெளிவாகத்தானே வரப்போகிறான், என்மேல் கை வைக்கமாட்டானே என்று ஓர் எண்ணம் அவளுக்குள் ஓடியது. அன்று மதியம் தேசிங்கு லாரியின் மேலிருந்து மூட்டையோடு சரிந்து விழுந்தான். விழுந்த அடி டில்லிபாபுவின் தோளில் இறங்கியது, வேலை போனது தேசிங்குக்கு. வாந்தியெடுத்துக் கிடந்த கொழுந்தனின் தலையை மடியில் வைத்துத் துடைத்தபோது, தன் வீட்டு அமைதி எந்த உடம்பிலிருந்து வந்தது என்று பவுனுவுக்குத் தெரிந்தது. அவனை அவள்தான் வளர்த்தாள். அவள் இந்தச் சந்துக்கு வந்தபோது அவனுக்கு முன்பல் விழுந்திருந்தது.

தேசிங்கு மட்டும் சும்மா இருந்தானா என்றால், அதுவும் இல்லை. வலிக்காத முகம் அவனுக்குக் கிடைத்திருந்தது. "மூஞ்சியக் குடுத்துட்டு உள்ள போ, ரெண்டு வாங்கினா நாலு குடு" என்றார் வாத்தியார். போட்டி நாட்களில் டில்லிபாபுவைச் சந்தே காவல் காத்துக் குடிக்காமல் பார்த்துக்கொண்டது. தேசிங்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டே எதிராளியின் நெஞ்சுக்குள் நுழைந்தான். எவ்வளவு அடித்தாலும் கண் சிமிட்டாத அவனைப் பார்த்து எதிராளிகள் பயந்தார்கள். ஜெயித்தான். மறுபடி ஜெயித்தான். வெளியூர்ப் போட்டி என்றால் ஏகாம்பரம் தன் கடை பிளாஸ்டிக் நாற்காலியை வேப்பமரத்தடியில் போட்டு, அதில் டில்லிபாபுவை உட்காரவைப்பார். சந்து சுற்றி நின்று அவன் முகத்தில் ஆட்டம் பார்க்கும்.

"வலது கன்னம். பாத்தியா, நேர்க்குத்து."

"வயித்துல ஒண்ணு. குனிஞ்சான் பாரு."

"டில்லி, தலைய நிமித்து, புருவம் தெரியல."

"தள்ளு, பின்னாடி நிக்கறவனுக்கு மறைக்குது."

டில்லிபாபு இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பல் விழுந்தால் பொறுக்கி யாரிடமாவது கொடுப்பான். கேட்டால், "நான் குடிச்சது அவனுக்கு ஏறுதில்ல, அவன் வாங்கறது எனக்கு வுழட்டும்" என்பான். வாத்தியார் போன் செய்து ஜெயித்த செய்தி வந்ததும் சந்து பட்டாசு வெடிக்கும். அதற்குப் பிறகு பவுனு வெந்நீர் வைத்து அவன் முகத்தில் ஒத்தடம் கொடுப்பாள். சில நாட்களில் அவன் சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. அதை அவள் யாரிடமும் சொல்லாமல், வெள்ளையடித்த கக்கூஸ் சுவரில் பட்டதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் ஒரு தேர்வுப் போட்டி என்றும், அதில் ஜெயித்தால் விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கிய அரசாங்க வேலை தேசிங்குக்குக் கிடைக்கும் என்றும் தை மாதக் கடைசியில் செய்தி வந்தது. அதற்கு ஒருநாள் இரண்டுநாள் காவல் போதாது, தொடர்ந்து உடம்பு தெளிவாக இருக்கவேண்டும், டில்லிபாபு அடியோடு நிறுத்தவேண்டும் என்றார் வாத்தியார். டில்லிபாபு அன்றே நிறுத்தினான். குடித்தும் ஏறாததை நிறுத்துவது என்ன பெரிய காரியம் என்று சந்து நினைத்தது.

நிறுத்தியது அண்ணன், நடுங்கியது தம்பி.

கையில் டம்ளர் நிற்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. மாசி வெயிலில் போர்வை கேட்டான். சுவரில் கரப்பான் ஊர்கிறது என்றான். பவுனு துடைப்பத்தால் ஒன்றுமில்லாத சுவரை அடித்து, "போச்சு, எல்லாம் போச்சு தம்பி" என்றாள். மூன்றாம் நாள் மதியம் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, அண்ணன ஒரே ஒரு வாய் குடிக்கச் சொல்லு."

"கம்னு படு."

"ஒரு வாய் அண்ணி. அது குடிச்சா எனக்கு நின்னுடும். போட்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

வாசலில் உட்கார்ந்திருந்த டில்லிபாபு இதைக் கேட்டான். எழுந்து போனான், திரும்பி வந்தபோது இடுப்பில் குவாட்டர் இருந்தது. மூடியைத் திருகக் கை வைத்துக்கொண்டு, பாயில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தபடி நின்றான். தன் வாழ்நாளில் எத்தனையோ முறை நிறுத்துகிறேன் என்று சத்தியம் செய்து, இந்த நடுக்கம் வந்ததும் ஓடிப்போய்க் குடித்தவன் அவன். அதை வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நான் இப்டியா இருப்பேன்?" என்று கேட்டான்.

"இத்தவிடக் கேவலமா இருப்ப" என்றாள் பவுனு.

பாயிலிருந்து தேசிங்கு கண்ணைத் திறந்து பாட்டிலைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். உதடு கோணிக்கொண்டு போக, "வேணாம்ணா, சும்மா சொன்னேன்" என்றான். "இன்னும் ரெண்டு நாளு தாங்கிடுவேன்." டில்லிபாபு பாட்டிலைத் திறக்காமல் பவுனுவிடம் கொடுத்தான். "எங்கனா வை. கொட்டாத, கொட்டிட்டா தேடுவேன்" என்றான். அவள் அதை அரிசித் தவலைக்குள் புதைத்தாள்.

தேசிங்கு தாங்கினான். எழுந்து உட்கார்ந்தான், கஞ்சி குடித்தான், பிறகு கடற்கரை மணலில் ஓடினான். கோயம்புத்தூருக்குக் கிளம்புகிற அன்று காலை பவுனு கைத்துணியை எடுத்து வைத்தாள். தேசிங்கு அண்ணனின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் பார்த்தான். விழுந்த பற்களை, மூடிக்கொண்ட இடது கண்ணை, தன் முகத்தில் வரவேண்டிய தழும்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக, யார் கொடுத்தது என்று ஊர் பேரோடு அவனுக்குத் தெரிந்தவற்றை, பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பயப்படாம வாங்கு" என்றான் டில்லிபாபு. "நான் உக்காந்துக்கிறேன்."

தேசிங்கு துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "இத நான் அங்க கட்டிக்கிறேன்" என்று போய்விட்டான்.

போட்டியன்று ஷெட்டில் லீவு சொல்லிவிட்டுப் பவுனுவும் வேப்பமரத்தடிக்கு வந்தாள். அதுவரை ஒருமுறைகூட அவள் அங்கே நின்றதில்லை. சந்து முழுக்கத் திரண்டிருந்தது; உயரமானவர்கள் பின்னால் நின்றார்கள், எஸ்தர் ஸ்டூல் கொண்டுவந்திருந்தாள். நேரமானதும் முதல் குத்து வந்தது. டில்லிபாபுவின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. "நல்ல கைடா" என்றார் ஏகாம்பரம், யார் கை என்று தெரியாமலே. அடுத்தது விலாவில். அடுத்தது வாயில். டில்லிபாபு நாற்காலியோடு சாய, இரண்டு பேர் பிடித்து நிமிர்த்தினார்கள். "முடியலன்னா சொல்லு டில்லி" என்றார் ஒருவர், சொன்னால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது.

பிறகு அடி வரவில்லை.

முதலில் இடைவேளை என்று நினைத்தார்கள். இடைவேளை முடிகிற நேரமும் தாண்டியது. டில்லிபாபுவின் முகத்தில் ஓர் ஈகூட உட்காரவில்லை. "வாங்கவே இல்லடா நம்ம பையன்" என்று ஒருவன் ஆரம்பித்தான். "அவன் கைக்கே சிக்கல" என்றான் இன்னொருவன். பெண்கள் குலவையிட்டார்கள், பட்டாசை எவனோ கொளுத்தியே விட்டான். அந்தப் புகையில், அந்தச் சத்தத்தில், முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தவள் பவுனு ஒருத்திதான். நாற்காலிப் பிடியில் இருந்த டில்லிபாபுவின் விரல்கள், நீர் கொதிக்கும்போது ஆடுகிற மூடிபோல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. இத்தனை மாதம் தம்பி உடம்பில் ஊர் சுற்றிய ஒன்று வீடு திரும்பியிருந்தது. அது திரும்பியது என்றால், கோயம்புத்தூரில் இப்போது தேசிங்கின் முகத்தில் விழுவது தேசிங்குக்கே விழுகிறது. அவள் வாயைப் புடவையால் மூடிக்கொண்டாள். சந்துக்காரர்களை ஆட விட்டாள்.

போன் வந்தபோது அவள்தான் எடுத்தாள். வாத்தியார் பேசுவார் என்று நினைத்தபடி, கேட்கிற வலது காதில் வைத்தாள்.

"அண்ணி" என்றான் தேசிங்கு. உதடு வீங்கியவன் பேசுகிற பேச்சு. "வலிக்குது அண்ணி."

"எங்க?"

"எல்லா இடமும்" என்றான். சிரிக்கப் பார்த்தான், அதுவும் வலித்தது போலிருக்கிறது. "ரெண்டு தடவ வுழுந்தேன். ரெண்டு தடவயும் எழுந்துட்டேன். பாயிண்ட்ல அவனுக்குப் போயிடுச்சி. இனிமே அண்ணனுக்குப் போவக்கூடாதுன்னு நெனச்சித்தான் வாங்கினேன். அண்ணனுக்கு ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமில்ல. ஊட்டுக்கு வா. ஒத்தடம் குடுக்கிறேன்."

தோற்ற செய்தி பரவியதும் சந்து மெல்லக் கலைந்தது. அடியே வாங்காமல் எப்படித் தோற்றான் என்று டீக்கடையில் வெகுநேரம் வாக்குவாதம் நடந்தது. ஏகாம்பரம் நாற்காலியைத் துடைத்து உள்ளே எடுத்து வைத்தார்.

பவுனு வீட்டுக்குள் வந்தபோது டில்லிபாபு அரிசித் தவலைக்கு எதிரே தரையில் குந்தியிருந்தான். நடுக்கம் முழங்கைவரை ஏறியிருந்தது. புருவத்து ரத்தம் காய்ந்திருந்தது. தவலையைத் தொடவில்லை, ஆனால் அதைவிட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை.

"பவுனு" என்றான். "இப்பக் குடிச்சா எனக்குத்தானே ஏறும்?"

"உனக்குத்தான் ஏறும்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். முகத்தை அல்ல, இடது காதைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினான். "கட்டு" என்றான்.

அவள் கொடியில் கிடந்த தன் பழைய புடவை ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள். மாமியார் கட்டுவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கத்தில், கட்டைவிரலில் தொடங்கி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் இடுக்குகளில் கொடுத்து வாங்கி, இரண்டு கைகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். துணிக்குள்ளும் கை ஆடிக்கொண்டிருந்தது. கட்டி முடிந்தபோது ஒரு முழத்துக்குமேல் மிச்சம் அவள் கையில் தொங்கியது. டில்லிபாபு அந்த மிச்சத்தைப் பார்த்தான். பவுனுவும் பார்த்தாள். துணியின் நுனி அவள் மணிக்கட்டின்மேல், சுற்றிக்கொள்ள வாகாகத்தான் கிடந்தது.

அவள் எழுந்து போய் மாடத்திலிருந்து கத்திரிக்கோலை எடுத்து வந்து, கட்டுக்குப் பக்கத்தில் ஒட்ட வெட்டினாள். வெட்டிய துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தவலைக்கும் அவனுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நடுங்கு" என்றாள். "நான் பாத்துக்கினு இருக்கேன்."